ஏறுமுகம் ஒரு வாரம் தள்ளிப்போன கதை

கீழப்பழுவூர்,
மாசி 12, செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மகன் அறிவரசனுக்கு அம்மா ஜோதி எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, உன் தங்கச்சி தென்றல் மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீ எந்தக் கடலில் இருந்தாலும் உடம்பும் மனசும் தெம்பாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் பேனாவை எடுத்தேன். பொங்கலுக்கு மறுநாள் நீ பேசினது, அதற்கப்புறம் உன் குரலைக் கேட்கவில்லை. கப்பல் மொம்பாசா துறைமுகத்துக்கு வந்தால்தான் நீ மெயில் பார்ப்பாய் என்று உன் கம்பெனியில் சொன்னார்கள். அதனால் கையால் எழுதித் தருகிறேன், தென்றல் படம் எடுத்து அனுப்புவாள். அவளையே எழுதச் சொன்னேன், "நீயே எழுதும்மா, நான் எழுதுனா பெருமை பீத்திக்கிற மாதிரி இருக்கும்" என்று சொல்லிவிட்டாள். நான் பீற்றிக்கொள்ளலாம், பெற்றவளுக்கு அந்த உரிமை உண்டு. நீ கொஞ்சம் வசதியாக உட்கார்ந்து படி, செய்தி நிறைய இருக்கிறது.

அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. கம்பத்தில் ஏறி ஹாரன் கட்டக்கூடாது என்று டாக்டர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு தலையாட்டிவிட்டு, மறுநாளே ஏறினார். ஏணியைப் பிடித்து ஆட்டினேன், இறங்கிவிட்டார். நம்ம மைக் செட்டுக்குத் தை மாதம் பூராவும் ஓயாத வேலை, வண்டி ஒரு நாள்கூட வீட்டில் நிற்கவில்லை. இனி தென்றல் கதைக்கு வருகிறேன். சென்னை கம்பெனியில் அவள் இருந்த பிரிவையே மூடிவிட்டார்கள் என்று வீட்டுக்கு வந்தவள், ஒரு வருஷத்துக்கு மேலாக மாடி அறையில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்து என்ன செய்தாள் என்று நீ கிளம்புகிறபோது உனக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. இப்போது எனக்குப் புரிந்துவிட்டது, உனக்கும் சொல்கிறேன். கம்ப்யூட்டரிலேயே பாட்டுப் போடுகிறவர்கள் உலகம் பூராவும் இருக்கிறார்கள். அவர்கள் அதில் தாளம் போட்டால் கடிகாரம் மாதிரி ஒரே வேகத்தில் போகும், வேகத்தை ஏற்றச் சொன்னாலும் ஒரே அளவாகத்தான் ஏற்றும். நம்ம கலையரசனின் பறைக் குழு ஊர்வலத்தில் ஏற்றுவது அப்படியா? ஏறுவார்கள், ஏறின இடத்தில் கொஞ்சம் நிற்பார்கள், துளியூண்டு இறக்குவார்கள், அப்புறம் ஒரே தூக்காகத் தூக்குவார்கள், ஆடுகிறவன் கால் தரையில் பாவாது. அதைத்தான் இவள் பிடித்திருக்கிறாள். கலையரசன் குழுவை எட்டு நாள் வாசிக்க வைத்துப் பதிந்து, எந்த இடத்தில் எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து, அதை ஒரு மென்பொருளாக ஆக்கிவிட்டாள். திரையில் இருக்கிற கோட்டை மேலே இழுத்தால் போதும், எந்த நாட்டுக்காரர் போட்ட தாளமும் நம்ம ஊர் நடையில் ஏறும். அதற்கு ஏறுமுகம் என்று பெயர் வைத்தாள். உன் அப்பா தன் பெயரில் 'தங்கசாமி எக்ஸ்பிரஸ்' என்று வைக்கச் சொல்லி இரண்டு நாள் அடம்பிடித்தார்.

வெளியிடுவதற்கு முன்னால் முப்பது பேருக்குச் சோதித்துப் பார்க்கக் கொடுத்திருந்தாள். போலந்தில் ஒரு பெண், பிரேசிலில் ஒருவர், கோயம்புத்தூரில் இரண்டு பேர், இப்படி எங்கெங்கோ இருக்கிறவர்கள். அவர்கள் தினமும் ஒரு குறை எழுதுவார்கள், இவள் சரிசெய்வாள். எல்லாம் முடிந்து, தை கடைசி வெள்ளி கழித்து வருகிற வெள்ளிக்கிழமை ரிலீஸ் என்று ஊருக்கெல்லாம் அறிவித்துவிட்டாள். வெளிநாட்டில் இந்த மாதிரிக் கருவிகளைப் பற்றியே எழுதுகிற ஒரு இணையப் பத்திரிகை, அன்றைக்கே இதைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னால் புதன்கிழமை, கங்கைகொண்ட சோழபுரத்தில் அரியமுத்து அண்ணன் பேத்திக்குக் காதுகுத்து. முந்திரிக் காட்டை ஒட்டிப் பந்தல், நம்ம செட்டுதான். பெரம்பலூரில் இருக்கிற தென்றலின் சிநேகிதன் ராஜராஜன் கீபோர்டு வாசிக்க வந்திருந்தான். அவன் பெட்டியிலிருந்து முன்கூட்டியே பதிந்த பாட்டு, இவள் லேப்டாப்பிலிருந்து ஏறுமுகம் போடுகிற தாளம், கூட கலையரசன் ஆட்கள் நேரடியாக. முதல் இரண்டு பாட்டுக்குப் பந்தலே ஆடியது, அரியமுத்து அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடினார். மூன்றாவது நீளமான பாட்டு, நிறுத்தாமல் கால் மணி நேரத்துக்கு மேல் போனது. மிக்சருக்குப் பின்னால் நின்ற எனக்கு என்னவோ உறுத்தியது. பாட்டு முன்னால் போகிறது, தாளம் கொஞ்சூண்டு பின்னால் வருகிறது. செருப்பு வார் தளர்ந்துபோனவன் நடக்கிற மாதிரி.

பாட்டு முடிந்ததும் தென்றலைக் கூப்பிட்டுச் சொன்னேன். "ம்மா, கம்ப்யூட்டர் எப்புடிம்மா பின்தங்கும்? கலையரசன் அண்ணந்தான் முந்துறாரு" என்றாள். கலையரசன், "நான் முந்தலக்கா. ஆனா படிச்ச புள்ள சொல்லுது, நான் என்னத்தச் சொல்ல" என்று தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். நான் விடவில்லை, திரும்பத் திரும்பச் சொன்னேன். இவளுக்கு ரிலீஸ் பதற்றம், "ஒனக்கு வயசாச்சும்மா, காது அப்புடித்தான் கேக்கும்" என்று சொல்லிவிட்டாள். கோபத்தில் சொன்னதுதான், ஆனாலும் எனக்குச் சுருக்கென்று தைத்தது. இருபத்து மூன்று வருஷமாக மிக்சருக்குப் பின்னால் நிற்கிறேன், பாக்ஸில் ஒரு ஒயர் லேசாகத் தளர்ந்தால்கூட ரோட்டில் நின்றே சொல்லிவிடுவேன். வண்டி ஜெயங்கொண்டம் தாண்டுகிற வரைக்கும் நானும் அவளும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தோம், நடுவில் உட்கார்ந்த உன் அப்பா தனியாகப் பாட்டுப் பாடிக்கொண்டே வந்தார்.

மறுநாள் காலையில் அடுப்பை அணைத்துவிட்டு நேராக மாடிக்குப் போனேன். கணக்குப்படி சரியாக இருபது நிமிஷத்தில் முடிகிற மாதிரி ஒரு தாளம் போடு, ஏறணும் இறங்கணும் ஏறணும், அப்படியே போகட்டும் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே போட்டாள். அப்பா போனில் நேரம் பார்க்க உட்கார்ந்தார், பத்தாவது நிமிஷத்தில் குறட்டை விட்டார், அதனால் நானே போனை வாங்கிக்கொண்டேன். தாளம் நின்றபோது இருபது நிமிஷமும் இரண்டு செகண்டும் ஆகியிருந்தது. நீ பொத்தானை லேட்டா அமுக்கியிருப்ப என்றாள். மறுபடியும் போட்டோம், அதே இரண்டு செகண்டு. மூன்றாவது முறை அவளே போனைப் பிடித்துக்கொண்டாள், அப்போதும் அதே இரண்டு செகண்டு. தென்றல் முகம் வெளுத்துவிட்டது. உடனே கம்ப்யூட்டரில் தேட ஆரம்பித்தாள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குக் கண்டுபிடித்துவிட்டாள். ஒவ்வொரு தரம் வேகம் மாறும்போதும் கணக்கின் கடைசியில் புள்ளிக்கு அப்புறம் வருகிற பொடியை அது உதறிவிட்டுப் போயிருக்கிறது. ஒரு பொடியால் ஒன்றும் இல்லை, ஆயிரக்கணக்கில் உதறினால் காதில் விழுந்துவிடுகிறது. முப்பது பேரும் மூன்று நிமிஷம் நாலு நிமிஷப் பாட்டுக்குத்தான் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், அதனால் யாருக்கும் தெரியவில்லை.

அவள் மாடிப்படியில் வந்து உட்கார்ந்தாள். சரிசெய்யலாம், ஆனால் எல்லாக் கணக்கையும் திரும்பச் சோதிக்க ஒரு வாரம் ஆகும், விடிந்தால் ரிலீஸ், பத்திரிகையில் எழுதப் போகிறார்கள், இப்போது தள்ளிப்போட்டால் அப்புறம் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று அழாத குறையாகச் சொன்னாள். "இப்புடியே விட்டுட்டு அடுத்த மாசம் திருத்திக்கிட்டா என்னம்மா? இருவது நிமிஷம் யாரு விடாம போடப் போறா? யாருக்கும் கேக்காதும்மா" என்றாள். எனக்கு வந்த கோபத்தைப் பார், "யாருக்கும் கேக்காதுன்னா அப்ப நான் யாருடி?" என்று கேட்டுவிட்டேன்.  அவள் சிரிக்க ஆரம்பித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள், என் காதைப் பிடித்துக்கொண்டு நேற்று சொன்னதுக்கு மன்னிப்புக் கேட்டாள். என் காதைத்தான் பிடித்தாள், தன் காதை இல்லை, அவள் எப்போதும் அப்படித்தானே.

உட்கார்ந்து ஒரு அறிவிப்பு எழுதினாள். எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினாள். ஏறுமுகம் ஒரு வாரம் தள்ளிப்போகிறது, அதில் தாளம் பின்தங்குகிற கோளாறு இருக்கிறது, அதைக் கண்டுபிடித்தது நானும் இல்லை, சோதித்தவர்களும் இல்லை, கீழப்பழுவூரில் மைக் செட் நடத்துகிற என் அம்மா, காதால் கேட்டே கண்டுபிடித்தார், நான் நம்பவில்லை, அவர் நிரூபித்தார் என்று அப்படியே போட்டுவிட்டாள். வேண்டாம் பாப்பா, வெட்கமாக இருக்கிறது என்றேன், கேட்கவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் அந்த அறிவிப்பைத்தான் எல்லாரும் படித்து ஒருவருக்கொருவர் அனுப்பியிருக்கிறார்கள். போலந்துப் பெண், எனக்கும் லேசாக உறுத்தியது, என் காதுதான் தப்பு என்று விட்டுவிட்டேன், அம்மாவிடம் சொல் என்று எழுதியிருந்தாள். அந்தப் பத்திரிகைக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று பயந்தோம், அவர்கள் அடுத்த வாரமே எழுதுகிறோம், அம்மா மிக்சரோடு நிற்கிற படம் ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். உன் அப்பா கேமராவுக்குள் எப்படியாவது நுழைந்துவிடப் பார்த்தார், பின்னால் ஜெனரேட்டர் பக்கத்தில் பாதி முகம் தெரிகிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை, அதாவது போன வெள்ளி, பெரம்பலூரில் ஒரு கல்லூரி ஆண்டுவிழா, நமக்கு ஒலிபெருக்கி வேலை. விடுமுறை எடுக்க முடியாது, வீட்டிலிருந்து ரிலீஸ் பண்ணலாம் என்றால் அன்று காலையில் சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று மேலே உரசி இன்டர்நெட் ஒயரை அறுத்துக்கொண்டு போய்விட்டது. தென்றலையும் லேப்டாப்பையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். மேடைக்குப் பின்னால் பாக்ஸ் அடுக்கின இடத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். கல்லூரி வைஃபைக்கு வெளியாட்களுக்கு பாஸ்வேர்டு தரமாட்டோம் என்றார் அங்கே இருந்த சார். நான் போய், "சார், நீங்க பாஸ்வேர்டு குடுத்தீங்கன்னா இந்த மைக்கு இன்னிக்கி ஒரு தடவ கூட கீச்சுன்னு கத்தாதுங்க" என்றேன். சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார். விஷயம் பரவி மாணவர்களும் மாணவிகளும் கூடிவிட்டார்கள். மூன்று மணிக்கு எல்லாரும் பத்திலிருந்து இறக்கி எண்ணினார்கள், ஒன்று என்றதும் தென்றல் பொத்தானை அமுக்கினாள். ஒன்றும் வெடிக்கவில்லை, பறக்கவில்லை, திரையில் ஒரு பச்சை வரி வந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பிள்ளைகள் போட்ட சத்தம் இருக்கிறதே, மேடையில் பேசிக்கொண்டிருந்த சிறப்பு விருந்தினர் தன் பேச்சுக்குத்தான் கைதட்டுகிறார்கள் என்று நினைத்து இரண்டு தரம் கும்பிட்டார்.

இந்த நாலு நாளில் எத்தனையோ ஊர்களில் எடுத்துப் போட்டுப் பார்க்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை போலந்துப் பெண் அதை வைத்து ஒரு இசை செய்து அனுப்பினாள். களத்தில் நம்ம பெரிய பாக்ஸ் இரண்டையும் இறக்கிவைத்து, கலையரசன் ஆட்களைக் கூப்பிட்டு வைத்துப் போட்டோம். அதில் பறையும் இல்லை ஒன்றும் இல்லை, தகரம் உருட்டுகிற மாதிரி, மழை விழுகிற மாதிரி என்னென்னவோ சத்தம். ஆனால் ஏற ஆரம்பித்ததும் ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நம்ம ஏத்தம்தாங்க்கா இது! அந்தப் பொண்ணுக்கு மூச்சு வேற, ஏத்தம் நம்மளது" என்று சொல்லிக்கொண்டே கலையரசன் பறையை எடுத்தார், தோல் இறுகத் தீயில் காய்ச்சக்கூட இல்லை, அப்படியே அடித்தார். அவளுடைய தகரமும் நம்ம தோலும் சேர்ந்து ஏறின. நான் கடைசி வரை காது கொடுத்து நின்றேன், எங்கேயும் ஒரு பொடிகூடப் பின்தங்கவில்லை. தென்றல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், சரியென்று தலையாட்டினேன், அப்புறம்தான் அவளும் ஆடப் போனாள். அந்த மென்பொருளில் செய்தவர்கள் பெயர் வருகிற பக்கத்தில் கலையரசன் குழு ஐந்து பேரின் பெயரும் இருக்கிறது, கீழே சோதித்தவர்: ஜோதி என்று போட்டிருக்கிறாள். இத்தனை வருஷத்தில் என்னிடம் வந்தவர்கள் எல்லாம் சத்தத்தைக் கூட்டு, குறை என்றுதான் சொன்னார்கள். நான் கேட்பதும் ஒரு வேலை என்று இப்போதுதான் ஒரு இடத்தில் எழுதியிருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு, ரொட்டியே தின்றுகொண்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. எஞ்சின் அறைக்குள் போகும்போது காதுக்கு அடைப்பு போடாமல் இருக்காதே, மற்றவர்கள் போடாவிட்டாலும் நீ போடு. நல்ல ஆரோக்கியத்தோடும் நல்ல பெயரோடும் வேலையை முடித்து நீ வந்து சேர வேண்டும், கடல் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும் என்று நானும் அப்பாவும் மனசார வாழ்த்துகிறோம். தென்றல் ஒன்று கேட்கச் சொன்னாள், அவளுடைய அடுத்த கருவிக்கு உன் கப்பல் எஞ்சின் ஓடுகிற சத்தம் ஐந்து நிமிஷம் வேண்டுமாம், போனிலேயே பதிந்து அனுப்பினால் போதுமாம், நடுவில் யாரும் பேசக்கூடாதாம். நீ அவளுக்கு அப்படியே ஒன்று அனுப்பு. எனக்குத் தனியாக இன்னொன்று அனுப்பு, அதில் எஞ்சின் எவ்வளவு இரைந்தாலும் பரவாயில்லை, நடுவில் நீ ஒரே ஒரு தரம் அம்மா என்று சொல்லு, நான் கேட்டுவிடுவேன்.

அன்பும் ஆசியும் நிறைந்த,
உன் அம்மா,
த. ஜோதி
தென்றல் சவுண்ட் சர்வீஸ், கீழப்பழுவூர்.