வராதவருக்கு ஒரு நாற்காலி

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

வேறு யாராவது உன் காதில் போடுவதற்குள் என் மானக்கேட்டை நானே சொல்லிவிடுகிறேன். நேற்று விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே, கறுப்பு அங்கியோடு, நாற்காலி மேல் ஏறி நின்றுவிட்டேன். ஐம்பத்து மூன்று வயது, எடையைக் கேட்காதே. நாற்காலிக்குச் சக்கரம் வேறு. சுவரில் ஒரு கையை ஊன்றியிருக்காவிட்டால் இந்தக் கடிதத்தை ஆஸ்பத்திரியிலிருந்துதான் எழுதியிருப்பேன்.

இந்தத் தீவின் நீதிபதி பிரசவ விடுப்பில் போயிருக்கிறார். அவர் திரும்பும்வரை ஓர் ஆள் வேண்டும் என்று கடிதம் வந்ததும் எங்கள் தலைமை நீதிபதி அறையைச் சுற்றிப் பார்த்தார். எல்லாரும் கோப்புக்குள் தலையைப் புதைத்துக்கொண்டார்கள். நான் மட்டும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். அப்படித்தான் எனக்கு இந்த டெபுடேஷன் வந்தது. இந்தச் சோயாப் பால் புட்டியிலுள்ள பூனை அந்தப் புட்டியிலுள்ள பூனை மாதிரி இருக்கிறதா என்று வணிகச் சின்ன வழக்குகளில் பதினாறு வருஷமாகத் தீர்ப்புச் சொன்னவன் நான். இங்கே திருட்டு, எல்லைத் தகராறு, குடித்துவிட்டு ஸ்கூட்டர் ஓட்டியது என்று எல்லாம் என் தலையில்.

நேற்று வந்தது காணாமல் போன ஒருவரை இறந்ததாக அறிவிக்கும் வழக்கு. ட்சாய் ஜின்-ஃபா, மீனவர். படகு கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. மனு போட்டவர் மனைவி ஹோங் மெய்-ஷியா. இங்கே யான் என்று ஒரு டவாலி இருக்கிறார், வயதானவர். இந்த மாதிரி வழக்கென்றால் கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு காலி நாற்காலி போடுகிறார். ஏனய்யா என்றேன். "வந்தா உக்கார எடம் வேணும்ல ஐயா," என்றார். பிறகு கடலைப் பார்த்த கதவைத் திறந்து வைத்துவிட்டு மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

மூன்றாவது முறைக்குப் பதில் வந்தது, அக்கா. "இருக்கேன்" என்று. தெளிவாக, பக்கத்திலிருந்து.

கதவருகே ஆளில்லை. தரை மட்டும் ஈரம். அப்போதுதான் நாற்காலி மேல் ஏறினேன். டவாலியும் கிளார்க்கும் என்னையே பார்த்தார்கள். ஏறி நிற்கிற நீதிபதியைப் பார்க்காமல் வேறு யாரைப் பார்ப்பார்கள்? அந்த அம்மா மட்டும் தலை குனிந்து, "ரொம்ப நன்றி ஐயா," என்றார். எதற்கு நன்றி என்று இன்னும் விளங்கவில்லை. வாய்தா போட்டுவிட்டு இறங்கி ஓடினேன்.

போனில் இதைச் சொல்லியிருப்பேன், நீதான் எடுக்கமாட்டேன் என்கிறாயே. முதுகுவலிக்குத் தைலம் தேய்க்கிறாயா?

பயந்துபோன உன் தம்பி,
போ-ரூய்

---

ஜூன் 20

அன்புள்ள தம்பிக்கு,

போனில் பேசினால் நீ சிரித்தே தப்பித்துவிடுகிறாய். காகிதத்தில் சிரிக்க முடியாது, அதனால்தான் எழுது என்றேன். அதிலும் சிரிக்கத்தான் பார்க்கிறாய்.

கடை நன்றாக ஓடுகிறது. எதிர்க்கடைக்காரி என் முட்டை ரொட்டியைப் பார்த்துப் பார்த்து அப்படியே செய்கிறாள். என் தம்பி இதே மாதிரி வழக்குகளுக்கு நீதிபதி என்று சொல்லி வைத்திருக்கிறேன். "அவர் தீவுக்குப் போயிட்டாராமே, இனிமே என்ன பயம்?" என்கிறாள். ஊரில் எதுவும் ஒளியாது.

உன் பேய்க் கதையை இரண்டு முறை படித்தேன். கதை சொல்வதில் சின்ன வயதிலேயே நீ கெட்டிக்காரன். அம்மா சாப்பிடக் கூப்பிடுவாள். கடைக்குட்டிச் சின்னவன் ஓடையில் தவளை பிடித்துக்கொண்டிருப்பான். "போ-ஹான்!" என்று அம்மா கத்தினால் நீ மூக்கைப் பிடித்துக்கொண்டு அவன் குரலில் "இருக்கேன்" என்பாய். அம்மா நம்பிவிடுவாள். அவன் பின்வாசல் வழியாக வந்து உட்கார்ந்து, நீ காப்பாற்றிய தைரியத்தில் உன் தட்டு மீனையும் எடுத்துத் தின்பான்.

போ-ஹான் என்று எழுதிவிட்டேன். நீ எழுதமாட்டாய், அதனால் நான் எழுதுகிறேன்.

அவன் பாறையில் தூண்டில் போடப் போய்த் திரும்பாமல் ஒன்பது வருஷம் ஆகிறது. வருஷாவருஷம் உன்னிடம் கேட்கிறேன், மனு போட என்ன செய்யவேண்டும் என்று. "நான் பூனை நீதிபதி அக்கா, இதெல்லாம் எனக்குத் தெரியாது" என்பாய். புத்தாண்டு விருந்தில் நீயே அவனுக்குக் கிண்ணமும் குச்சியும் எடுத்து வைப்பாய், நாற்காலி முதுகில் அவன் சட்டையை மாட்டுவாய். ஊருக்கு வர முடியாத பிள்ளைக்கு வைக்கிற மாதிரி.

போன வருஷம், ஆவிகள் இறங்கி வருகிற சந்திரக் கணக்கு ஏழாம் மாதத்தில், கடை வாசலில் மேசை போட்டு நல்ல சகோதரர்களுக்குச் சோறு வைத்தேன். திதி கொடுக்க ஆளில்லாத ஆவிகளுக்கு ஊரார் வைக்கிற சோறு. ஊதுவத்தியை நடும்போது கை நின்றுவிட்டது. என் தம்பியும் எங்கேயோ எவர் வீட்டு வாசலிலோ இந்த வரிசையில்தான் நிற்கிறானா? செத்ததாக நாம் சொல்லவில்லை, அதனால் பூஜை மாடத்தில் அவனுக்குப் பெயர்ப்பலகை இல்லை. உயிரோடு இருப்பதாகச் சொல்கிறோம், அவனோ சாப்பிட வருவதில்லை.

இப்போது நீ அந்த மாதிரி நீதிபதியும் ஆகிவிட்டாய். இனி என்ன சொல்லித் தப்பிப்பாய்?

அக்கா,
ஷு-யுவே

---

ஜூலை 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்துக்கு நேராகப் பதில் சொல்லாமல் சுற்றி வருகிறேன் என்று தெரியும். கொஞ்சம் பொறு.

எனக்குக் கொடுத்திருக்கும் வீட்டில் கடல் பக்கத்து ஜன்னல் ஒன்று சாத்தினால் திறந்துகொள்கிறது. கயிறு போட்டுக் கட்டினேன். காலையில் கயிறு அவிழ்ந்து கிடக்கிறது. முடிச்சுப் போடத் தெரியாத நீதிபதி என்று மீன்காரப் பெண்கள் சிரிக்கிறார்கள். அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே.

அந்த வழக்கு மறுபடி வந்தது. பத்திரிகையில் அறிவிப்புப் போட்டுக் கெடுவும் முடிந்துவிட்டது. அவரைப் பார்த்தேன் என்று ஒருவரும் வரவில்லை. நான் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. மெய்-ஷியா அம்மாவிடம் சும்மா கேட்டுவைத்தேன், என்ன அவசரம் என்று.

"அவசரமா? ஏழாம் மாசம் வருது ஐயா. மானஸ்தர் அவரு. ஒருத்தர் வீட்டுல ஒரு வாய் தண்ணி குடிக்கமாட்டாரு. அவரைப் போயி ஊர் மேசையில நிக்கவெக்கலாமா? நீங்க ஒரு வார்த்தை சொன்னா வீட்டுல பலகை வெச்சு, வவுறு நெறையப் போட்டுருவேன்."

கிளார்க் மூக்கைச் சிந்தினாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? மருத்துவமனைகளில் இன்னொரு முறை விசாரிக்கச் சொல்லி மறுபடி வாய்தா போட்டேன். அந்த அம்மா வெளியே போகும்போது காலி நாற்காலியின் இருக்கையைக் கையாலே துடைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் துறைமுகத்து நூடுல்ஸ் கடையில் ஒருவனைப் பார்த்தேன், காணாமல் போன ட்சாய் ஜின்-ஃபாவேதான் என்று பட்டது. முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். என் தொழில் உனக்குத் தெரியும்: இரண்டு சின்னங்களைப் பக்கத்தில் வைத்து அளவெடுக்கக்கூடாது, சாதாரண ஆள் சாதாரண கவனத்தோடு, சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றென்று ஏமாறுவானா என்று பார்க்கவேண்டும். நான் ஏமாந்தேன். அதே தோள், அதே ஒரு பக்கம் சாய்ந்த கழுத்து. சாப்பிட்டு எழுந்தவன் பின்னாலேயே போனேன். மீன் காயவைக்கிற சந்துகளில் என் செருப்புச் சத்தம் கேட்டு அவன் திரும்பினான்.

"என்னங்க ஐயா, வீட்டுக்கு வழி தெரியலயா?"

யாரோ ஓர் ஐஸ் வண்டிக்காரன். அப்போதுதான் உறைத்தது. ட்சாய் ஜின்-ஃபாவின் படத்தில் கழுத்து சாயவே இல்லை. கழுத்தைச் சாய்த்து நூடுல்ஸ் உறிஞ்சுவது நம் சின்னவன்.

உன் கேள்விக்கு இதற்கு மேல் எழுத வரவில்லை.

தம்பி

---

ஜூலை 25

தம்பிக்கு,

அந்த அம்மா நாற்காலியைத் துடைத்தார் என்று எழுதியிருந்தாய். நான் புத்தாண்டுக்குப் புத்தாண்டு அதைத்தான் செய்கிறேன். நீ சட்டையை மாட்டிவிட்டுச் சாப்பிட்டு ஊருக்குப் போய்விடுவாய். மறுநாள் ஆறிப்போன கிண்ணத்தை எடுத்துக் கழுவுகிறவள் நான்.

வக்கீலைப் பார்த்துவிட்டேன். மனு தயார். உன் அனுமதி எனக்கு வேண்டியதில்லையாம், ஒருத்தி போட்டாலே போதுமாம். ஆனால் நீ இல்லாமல் அவனைச் செத்தவன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ மாட்டேன் என்றால் நானே போடுகிறேன்; ஆனால் அடுத்த புத்தாண்டுக்கு இந்த மேசைக்கு வராதே. இதைக் கோபத்தில் எழுதவில்லை.

அந்த மனுஷியையும் காக்கவைக்காதே. உன் பயத்துக்கு அவள் புருஷன் ஏன் பட்டினி கிடக்கவேண்டும்?

ஷு-யுவே

---

ஆகஸ்ட் 6

அன்புள்ள அக்காவுக்கு,

மனுவில் உன் பெயருக்குக் கீழே என் பெயரையும் போடு. பலகைக்கு மரம் நான் வாங்கி வருகிறேன். எழுத்து மட்டும் உன் கையால் இருக்கட்டும், என் கையெழுத்தைப் பார்த்தால் அவன் சிரிப்பான்.

வழக்கு நேற்று முடிந்தது. யான் நாற்காலி போட்டார், கதவைத் திறந்தார், மூன்று முறை கூப்பிட்டார். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். பதில் வரவில்லை. காற்று மட்டும் வந்து கோப்பைப் புரட்டியது. ட்சாய் ஜின்-ஃபா இறந்ததாக அறிவிக்கிறேன் என்று வாசித்தேன். மெய்-ஷியா அம்மா எழுந்து, அந்த நாற்காலியிடம், "வாங்க, வீட்டுக்குப் போலாம். எறா வாங்கி வெச்சிருக்கேன்," என்றார். கொஞ்சம் விலகி வழிவிட்டுப் பிறகே நடந்தார்.

இன்னும் இரண்டு வாரத்தில் இங்குள்ள நீதிபதி குழந்தையோடு திரும்புகிறார். நான் பூனைகளிடம் போகிறேன். ஏழாம் மாதம் பிறப்பதற்குள் ஊருக்கு வந்துவிடுவேன். இந்த வருஷம் வாசல் மேசையை நானே தூக்கிப் போடுகிறேன். உள்ளே அவனுக்குத் தனியாக மீன் வை, என் பங்கையும் சேர்த்து.

அன்புடன்,
போ-ரூய்

பி.கு.: ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. நேற்று எல்லாரும் போனபின் யான் நாற்காலியை மடக்கிக்கொண்டே கேட்டார்: "இன்னிக்கு ஏன் ஐயா நீங்க பதில் சொல்லல?" நானா என்றேன். "மொத தடவை மூக்கைப் பிடிச்சுக்கிட்டு 'இருக்கேன்'னு சொன்னீங்களே. அந்த அம்மாகூட நன்றி சொன்னாங்களே. பெரிய கோர்ட்டுல அதான் வழக்கம் போலன்னு நாங்க யாரும் வாயைத் தொறக்கல."