சிட்னியில் வெடிக்கிற துவக்கு

ஜூலை 14, திங்கள்

காலை மைனஸ் இரண்டு. புல் முழுக்க வெள்ளை. ஆட்டுத் தொட்டியில் ஐஸ். கோடாரியின் பின்புறத்தால் உடைத்தேன்.

நரி மறுபடியும் வந்திருக்கிறது. பிறந்து மூன்று நாளான குட்டி. தலை மட்டும் வேலியோரம். இந்த மாதம் இது ஐந்தாவது. அதே நரி மேட்டில் நின்று என்னைப் பார்த்தது. துவக்கைத் தூக்கினேன், முன்கட்டையை இழுத்துத் தள்ளினேன், விசையை அழுத்தினேன். டிக். அவ்வளவுதான். நரி ஓடக்கூட இல்லை, நடந்து போனது.

சில தோட்டா பிந்தி வெடிக்கும். அதனால் முப்பது எண்ணும்வரை குழாயை வெறும் மேட்டுப் பக்கம் பிடித்தபடி நின்றேன். பிறகு எடுத்துப் பார்த்தேன். தோட்டாவின் அடியில் இருக்கும் அந்தச் சின்ன வட்டத்தில், பிரைமரில், ஊசி குத்திய தடம் இருக்கிறதா இல்லையா என்ற அளவில். ஆழமாகக் குத்தினால்தான் வெடிக்கும். இது தடவிவிட்டிருக்கிறது. மார்ச்சில் முயல் சுட்டபோது ஒரு குறையும் இல்லை. அதற்குப் பிறகு பெட்டியில்தான் கிடந்தது.

பின்னால் சுதன். "அத்தான், குட்டியைக் கிடங்கு வெட்டித் தாட்டு விடட்டே?" இழவு வீட்டுக் குரல். என் மனைவி வதனியின் தம்பி. முப்பத்தெட்டு வயது, படகில் வந்தவன், வருடக்கணக்காகத் தற்காலிக பிரிட்ஜிங் விசா, மூன்று வருடமாக என் சோறு. இனி சு. என்றே எழுதுவேன். முழுப்பெயருக்கு மை வீண்.

ஜூலை 15, செவ்வாய்

மேகம். காற்று கத்தி.

வேறு பெட்டித் தோட்டா போட்டுப் பார்த்தேன். ஐந்தில் நான்கு டிக். ஆகவே தோட்டாவில் பிழையில்லை. முன்கட்டை முழுதாக முன்னுக்குப் போகிறதா என்று பார்த்தேன். போகிறது. குழாயைத் துடைத்தேன். சுத்தம். ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். ஊசி தேய்ந்திருக்கலாம்.

இரவுச் சாப்பாட்டில் சொன்னேன். "துவக்குக்கும் உங்களை மாதிரி வயசு போட்டுது போல" என்றாள் வதனி. சு. சிரித்தான். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். அவளுக்கு என்னோடு அப்படிச் சிரிப்பு வருவதில்லை. பொறாமை என்றே எழுதிவிடலாம், இங்கே யார் பார்க்கப்போகிறார்கள்.

"விசா இல்லாதவன்ர சிரிப்பைப் பார்" என்றேன்.

அவன் எழுந்து குசினிக்குப் போய்க் கோப்பையைக் கழுவினான். நல்ல நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

25ஆம் தேதி அவனுடைய விசா விண்ணப்பம் குடிவரவு மினிஸ்டருக்குப் போகிறது. அதில் பெரிய கடிதம் என்னுடையதுதான்: நல்லவன், உழைப்பாளி, இவன் இல்லாமல் பண்ணை நடக்காது. போன மாதம் வதனி மூன்று நாள் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து எழுதுவித்தாள்.

ஜூலை 16, புதன்

சிட்னி. துவக்கைப் பூட்டிய பெட்டியில் வைத்து, இரண்டு மணி நேரம் காரில், ஹீற்றர் முழுக்க.

துவக்கு திருத்தும் வெள்ளைக்காரக் கிழவன். பட்டறையில் காஸ் ஹீற்றர் எரிகிறது, கிழவன் அரைக்கைச் சட்டையோடு நிற்கிறான். மருந்தில்லாமல் பிரைமர் மட்டும் உள்ள வெற்று உறைகளைப் போட்டு அடித்துப் பார்த்தான். பத்தில் பத்தும் பட்டாசு. ஊசியின் நீளம் அளந்தான். சரி. "இரண்டு கிழமை விட்டுட்டுப் போ, ஊசி இருக்கிற போல்ட்டைக் கழற்றி உள்ளே பார்க்கிறேன்" என்றான். நரி இரண்டு கிழமை லீவு எடுக்காது என்றேன்.

"என்ன எண்ணெய் போடுகிறாய்?"

துவக்கு எண்ணெய்தான், வேறென்ன, என்றேன். எனக்குத் துவக்குத் துடைக்கப் பழக்க வருகிறான்.

தமிழ்க் கடைகள் இருக்கும் வென்ட்வேர்த்வில்லில் இறங்கினேன். ஆட்டிறைச்சிக் கடைக்காரர், அடுத்த மாதம் பத்து ஆடு வேணும் என்றார். இடியப்ப மா, கருவாடு, வதனிக்குக் கறுத்தக் கொழும்பான் மாம்பழ டின். ரோல்ஸ் இரண்டு, காருக்குள்ளேயே.

சிட்னியில் வெடிக்கிறது. வீட்டில் வெடிக்கவில்லை. அப்படியென்றால் பழுது துவக்கில் இல்லை, வீட்டில் இருக்கிறது. வழி முழுக்க இதுதான் யோசனை.

ஜூலை 18, வெள்ளி

உறைபனி. ஆடி முதல் வெள்ளி.

விடிய ஐந்தரைக்கு சு. கத்தினான். கறுப்பி ஆடு ஈன்றுகொண்டிருந்திருக்கிறது, எழும்ப முடியாத நேரம் பார்த்து நரி பின்பக்கத்தைத் தின்றுவிட்டது. குட்டி எப்படியோ உயிரோடு. கறுப்பியும் உயிரோடு, அதுதான் கஷ்டம். தலையைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறது.

துவக்கை எடுத்து வந்தேன். டிக். முப்பது எண்ணினேன். டிக். முப்பது எண்ணினேன். அந்த முப்பதும் அது கத்தியது. மூன்றாவதும் டிக்.

சு. முழுகி, திருநீறு பூசி, விரதத்தோடு நின்றான். கத்தியை அவனிடம் நீட்டினேன்.

"அத்தான், இண்டைக்கு வெள்ளி. நான் விரதம்."

"ஆட்டுக்கு விரதம் இல்லையடா. வெட்டு."

"ஒருக்கா நீங்கள்..."

"என்ர கையில துவக்கு இருக்கிறது தெரியேல்லையே?"

வெட்டினான். ஒரு வெட்டில் முடியவில்லை. பிறகு வேலிப் பக்கம் போய் நெடுநேரம் குனிந்து நின்றான். திருநீறு கண்ணுக்குள் வழிந்தது. "போய் இன்னொருக்கா முழுகு, மினிஸ்டர் மணம் பிடிக்கப்போறார்" என்றேன்.

உண்மை: எனக்குக் கத்தியால் முடியாது. ஒருநாளும் முடிந்ததில்லை. அதை இங்கே மட்டும் எழுதலாம்.

ஜூலை 20, ஞாயிறு

மழைத் தூறல். நான்கு பாகை.

சு.விடம் கேட்டுவிட்டேன். துவக்குப் பெட்டி இருக்கும் அறையைக் கூட்டுகிறவன் அவன். நரிக்குக் கூட "பாவம், அதுக்கும் குட்டி இருக்கும்" என்று சொன்னவன் அவன். "துவக்கை என்னடா செய்தனி?"

"சத்தியமாத் தொடேல்லை, அத்தான். எனக்கு லைசென்ஸ் இல்லை, தொட்டால் விசா அலுவல் அண்டைக்கே முடிஞ்சுது. நான் தொடுவனே?"

வதனி குசினியிலிருந்து வந்தாள், கையெல்லாம் மா. "சாவி உங்கட இடுப்பில கிடக்குது. அவன் எப்பிடித் தொட்டவன்?"

பதில் இல்லாவிட்டால் குரல் ஏறும், அது என் சுபாவம். உடுப்பைக் கட்டு என்றேன். வதனி அழுதாள், பிறகு அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அழுகையே பரவாயில்லை.

ரயில் ஸ்டேஷனில் அவனை இறக்கினேன். வென்ட்வேர்த்வில்லில் ஒரு சிநேகிதன் அறை உண்டாம். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "கறுப்பியின்ர குட்டிக்கு ஆறு மணிக்குப் பால் குடுக்கோணும், அத்தான். சின்னப் போத்தல். பெரிசெண்டால் புரைக்கேறும். போட்டு வாறன்."

வாறனாம். கண்ணாடியை ஏற்றினேன்.

ஜூலை 22, செவ்வாய்

வெயில், ஆனால் பல்லில்லாத வெயில்.

சு.வின் விசா வழக்கைப் பார்க்கும் லோயருக்கு ஈமெயில். நான்கு வரி. என் கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன். அவர் நம்பிக்கைக்கு உரியவர் அல்ல. பண்ணையில் அவருக்கு இனி வேலை இல்லை. நன்றி. இங்கிலீஷில் இவ்வளவு நன்றாக நான் எழுதியதில்லை. வதனிக்குச் சொல்லவில்லை.

அவள் போனில் தம்பியோடு. கதவுக்கு இந்தப் பக்கம் கேட்டது: "இல்லையடா, இன்னும் சரியாகேல்லை... ஓம், பால் குடுக்கிறன்... நீ சாப்பிட்டியே?" துவக்கு சரியாச்சுதா என்று தினமும் கேட்கிறானாம். நடிப்பு.

வாங்க: வேலிக் கம்பி, தீவனம், என் மூட்டு மாத்திரை.

ஜூலை 24, வியாழன்

மைனஸ் மூன்று. இந்த வருடத்தின் மோசமான குளிர்.

காலை. தலைக்கு வைக்கத் தேங்காயெண்ணெய் எடுத்தேன். போத்தலைக் கவிழ்த்தேன், ஒரு சொட்டு வரவில்லை. வெள்ளையாக, மெழுகாக, கல்லாக. வதனி வாங்கி ஹீற்றர் மேல் வைத்தாள். "ஒவ்வொரு வருசமும் இதுதானே" என்றாள்.

போத்தலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பெப்ரவரி. நாற்பது பாகை வெயில். துவக்கு எண்ணெய் டின் காலி, கடை ஐம்பது கிலோமீற்றர். குளியலறையிலிருந்து இந்தப் போத்தலை எடுத்துப் போனது நான். தண்ணீராக ஓடியது. போல்ட்டுக்குள், ஊசி போகும் துளைக்குள், தாராளமாக ஊற்றினேன். மிச்சத்தை முழங்காலில் பூசிக்கொண்டேன்.

ஷெட்டுக்குப் போய்ப் போல்ட்டைக் கழற்றினேன். ஊசியைச் சுற்றி வெள்ளைக் களி. தீக்குச்சியால் சுரண்டினேன். மணந்து பார்த்தேன். வதனியின் தலை வாசம். ஊசி இந்தக் களிக்குள் நீந்திப் போய்த்தான் குத்தியிருக்கிறது. காரில் உருகியிருக்கிறது, கிழவனின் பட்டறையில் உருகியிருக்கிறது. என்ன எண்ணெய் என்று கேட்டான், மனிதன்.

செய்யவேண்டியவை:
1. லோயருக்கு போன்.
2. சு.வுக்கு போன்.
3. வதனிக்குச் சொல்வது.

செய்தது: ஊசியையும் துளையையும் மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, காயவைத்துப் பூட்டினேன்.

வெட்கமாக இருக்கிறது. அதைவிட, வெட்கம் வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயம் பெரிதாக இருக்கிறது. அறுபது வயதுக்குக் கிட்ட வந்து, அந்தப் பெடியன் முன்னால் தலை குனிய முடியாது.

ஜூலை 25, வெள்ளி

தெளிந்த வானம். பகல் பதினொரு பாகை.

10.20க்கு லோயர் போன். தமிழ்ப் பிள்ளை, இங்கே பிறந்தது, தமிழை யோசித்து யோசித்துப் பேசும். "அங்கிள், உங்கட ஈமெயில் பார்த்தனான். உங்கட லெட்டர் இல்லாட்டி ஃபைல்ல ஒண்டும் இல்லை. நான் அதை இன்னும் எடுக்கேல்லை. பின்னேரம் ஐஞ்சு மணிக்குத்தான் அனுப்புவன். அதுக்குள்ள ஒரு டெக்ஸ்ட், 'வைத்திருங்கோ' எண்டு மட்டும். அது போதும். வராட்டி எடுக்கத்தான் வேணும்."

யோசிக்கிறேன் என்றேன். நன்றி அங்கிள் என்றது.

வேலி திருத்தினேன். குட்டிக்குப் பால், பெரிய போத்தலால். புரைக்கேறியது. சின்னதை எடுத்தேன். வதனி ஆடி வெள்ளிக்குச் சமைத்திருந்தாள். மூன்று கோப்பை வைத்துவிட்டு, பிறகு ஒன்றை எடுத்துப்போய் அலமாரியில் வைத்தாள். ஆறு எழுத்துப் போதும் என்று இரண்டு தடவை போனைக் கையில் எடுத்தேன். தட்டி முடித்தும் வைத்தேன். ஏன் என்று அவன் கேட்பான். ஏன் என்று அவள் கேட்பாள். அழித்தேன்.

3.40, லோயர் போன். எடுக்கவில்லை.
4.15, மறுபடி. எடுக்கவில்லை.
4.30, போனை அணைத்து அலமாரிக்குள் வைத்துவிட்டுத் துவக்கோடு மேட்டுக்குப் போனேன்.

பொழுது படுகிற நேரம் நரி வந்தது. அதே நரி, நின்று பார்க்கிற அதே திமிர். விசையை அழுத்தினேன். முதல் தடவையிலேயே வெடித்தது. மேடு முழுக்க எதிரொலி. நரி விழுந்த இடத்திலேயே கிடந்தது. மணி பார்த்தேன், 5.07.

வதனி வெளியே ஓடிவந்தாள். ஐந்து நாளுக்குப் பிறகு முகத்தில் வெளிச்சம். "துவக்கு சரியாச்சுதே?"

"ஓம்."

"தம்பியிட்டச் சொல்லட்டே? அவன்தானே நெடுகக் கேட்டுக்கொண்டு இருந்தவன். சந்தோசப்படுவான்."

"சொல்லு" என்றேன்.

நாளை: தீவனம். துவக்கு எண்ணெய் ஒரு டின்.