கலரிமீட்டருக்குப் புது பல்பு

8.10.84 திங்கள்
நல்ல வெயில். காலையிலிருந்து கரண்ட் வருவதும் போவதுமாக. ஸ்டெபிலைசர் கத்தல் தாங்கவில்லை. இன்று லேபில் சுகர் ஆறு, யூரியா இரண்டு, மற்றதெல்லாம் மூத்திரம்.

யூரியாவில் ஒன்று தம்பி முருகனுடையது. முகம் வீங்குகிறதே என்று வம்படியாக இழுத்து வந்து நான்தான் குத்தி எடுத்தேன். ரத்தத்தில் யூரியா கூடினால் கிட்னி கெட்டிருக்கிறது என்று அர்த்தம்; அது கூடக்கூடக் குழாயில் சிவப்பு கூடும். கொதிக்க வைத்து எடுத்ததுமே கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. கலரிமீட்டரில் வைத்தால், நாற்பதுக்குள் இருக்க வேண்டியது நூற்று அறுபது. சனியன். பல்பு மங்கிப் போயிருக்கும்.

வெளியே பெஞ்சில் காலாட்டிக்கொண்டு இருந்தான். "மிஷின் சரியில்லடே. அப்புறம் பாப்போம்."

"நல்லா லேபு நடத்துத, போ."

சோப்பு வாங்க மறந்தாச்சு.

9.10 செவ்வாய்
டாக்டரிடம் சொன்னேன். "பல்ப மாத்திப் பாரும்மா. கல்யாணம் நிச்சயமான பையன், தப்பாச் சொல்லிரக் கூடாது." பல்பு கேட்டு மதுரைக்கு டிரங்க் கால்.

குழாய்களைத் துடைத்துப் பார்த்தேன். முருகனுக்கு வைத்த குழாயில் கீறல்! கீறல் இருந்தால் ரீடிங் கூடும். பச்சை ஃபில்டரிலும் பூஞ்சை மாதிரி ஏதோ. அப்பாடா. இத்தனை கோளாறு பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டது இன்றுதான்.

சாயங்காலம் சிவகிரியிலிருந்து பெண்ணின் சித்தப்பா. முருகன் கன்னத்தைப் பார்த்து, "மாப்பிள்ளைக்குச் சத போட்டுட்டுல்லா! கல்யாணக் களை!" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பாவி.

10.10 புதன்
பல்பு வரவில்லை. முருகன் இரண்டு வாய் சோற்றோடு எழுந்து ஓடி வாந்தி. "பித்தம்" என்கிறாள் அம்மா. கோயில் புற்றுமண் கரைத்துக் கொடுத்தாள். தடுக்கவில்லை. தடுத்தால் காரணம் சொல்ல வேண்டுமே.

11.10 வியாழன்
மத்தியான பஸ்ஸில் பல்பு. மாட்டினேன். ஃபில்டர் துடைத்து, புதுக் குழாய். முருகனிடம் மறுபடி ரத்தம்.

மிஷினைச் சோதிக்க என் ரத்தத்தையும் கூடவே ஓட்டுவது வழக்கம். திங்களன்று அவசரத்தில் விட்டுவிட்டேன். இன்று ரப்பர் குழாயைப் பல்லால் இழுத்துக் கட்டி நானே குத்திக்கொண்டேன். இரண்டும் ஒரே கொதியில். கோமதித் தாயே, என்னுடையதும் கெட்டு வரட்டும், இரண்டும் கெட்டால் மிஷின் பொய் என்று ஆகிவிடும் என்று வேண்டினேன்.

என்னுடையது இருபத்தெட்டு. ஒரு குறையும் இல்லை.

அவனுடையது நூற்றுத் தொண்ணூறு.

மிஷினை ஒரு தட்டுத் தட்டினேன். முள் அசைந்துவிட்டு அங்கேயே வந்து நின்றது.

வாசலில் தலை நீட்டினான். "மிஷின் சரியாயிட்டாக்கா?"

"சரியாத்தாம்டே இருக்கு."

"பெறகென்ன! நான் டெய்லர்ட்ட கல்யாணச் சட்டைக்கு அளவு குடுத்துட்டு வாரேன்."

சைக்கிள் பெல்லை அடித்துக்கொண்டே போகிறான்.