மங்களம் முதலில் வராது

யாழினி அப்பா,

ஆங் மோ கியோவுக்கு, அக்கா வீட்டுக்குப் போகிறேன். மீன் குழம்பு அடுப்பின் மேலேயே இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

பழைய சாமான் எடுக்க நீங்கள் வரச்சொன்ன காராங்குனிக்காரர் மத்தியானம் வருவார். சிடி பிளேயரைத் தேடாதீர்கள். துணி அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். சாவி என் கைப்பையில்.

"சிடி எல்லாத்தையும் பென்டிரைவ்ல ஏத்திட்டேன்லா, இனி இந்தப் பெட்டி எதுக்கு?" என்று நேற்றுக் கேட்டீர்கள். நான் பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டால் எப்படி? காலையில் அந்தப் பென்டிரைவை டிவியில் செருகி, என் கச்சேரியைப் போட்டேன். பாட்டுகள் ஆங்கில எழுத்து வரிசையில் வருகின்றன. எடுத்த எடுப்பில் மங்களம், கடைசியில் வர்ணம். வர்ணத்தில் தொடங்கி மங்களத்தில் முடித்தவள் நான். கல்யாணத்துக்குப் பிறகு மேடை ஏறியது அந்த ஒரு தடவைதான். அதை யாரும் தலைகீழாகக் கேட்க வேண்டாம்.

காராங்குனிக்காரரை வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். ஹாலில் நிற்கிற உங்கள் ட்ரெட்மில்லைக் கொடுத்துவிடுங்கள். அதில் துணிதான் காய்கிறது.

தமயந்தி

பி.கு: அப்பளம் நீல டப்பாவில்.

இன்னொன்று. சாயந்தரம் வந்ததும் சிடியை நானே போடுவேன். மங்களம் முடியும்வரை நீங்கள் சோபாவை விட்டு எழுந்திருக்கக் கூடாது. கச்சேரி அன்றைக்கு, காரில் வைத்த பார்க்கிங் கூப்பனுக்கு நேரம் முடிகிறது, மாற்றப் போகிறேன் என்று பாதியில் எழுந்து போனீர்கள். இன்றைக்குக் கார் நம் புளோக் கீழேதான் நிற்கிறது.