அந்தத் துவக்கு வேண்டாம் அப்பா

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்ல சுகம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? விடுதியில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள். போர்வைக்குள் டோர்ச் வைத்து எழுதுகிறேன்.

நேற்று போனில் நீங்கள், "பன்னி சுடுற துவக்கு செய்றாரே அழகரு, ஒன் போட்டிக்கு ஒண்ணு வேணும்னு அவருகிட்ட சொல்லிட்டேன் பாப்பா. கைத்துவக்கும் ரவையும் கடை விலையில பாதிதான்" என்றபோது வார்டன் மிஸ் பக்கத்தில் நின்றார். அதனால்தான் "சரிங்கப்பா" என்றேன். வேண்டாம் அப்பா. அது லைசன்ஸ் இல்லாத துவக்கு, பொலிஸ் பிடித்தால் உங்களைக் கொண்டுபோய்விடும்.

குறி பார்க்கும் போட்டியில் நாங்கள் சுடுவது காற்றுத் துப்பாக்கி. அதன் ரவை மிளகளவுதான், காகிதத்தைத்தான் துளைக்கும். பள்ளிக்கூடத் துப்பாக்கியே போதும், ஒரு டப்பா ரவை மட்டும் இங்கேயே வாங்கிக்கொள் என்று பயிற்சி தரும் சேர் சொல்லிவிட்டார். இன்று பிடி வழுக்கி என் ரவை கூரையில் பட்டது. "காக்காவுக்கா குறி வச்ச?" என்று என்னோடு பழகும் ஷம்ரா சிரித்தாள். பிடியில் துணி சுற்றச் சொன்னார் சேர்.

அம்மாவின் பழைய சேலையில் ஒரு துண்டு வேண்டும். துவைக்க வேண்டாம்.

நம் ஊர் வெலிமடைக்குத் திரும்பும் மரக்கறி லொறி அண்ணனிடம் இதைக் காலையில் கொடுத்துவிடுவேன். கிடைத்ததும் அழகர் மாமாவிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஞாயிறு நீங்கள் வரும்போது பையில் அந்தச் சேலைத்துண்டு மட்டும் இருக்கட்டும்.

யாரோ நடந்து வருகிறார்கள். டோர்ச்சை அணைக்கிறேன்.

உங்கள் மகள்,
ஜெயந்தினி