கம்சாவின் மூன்றாவது விளம்பரம்

முல்லைத்தீவு,
ஞாயிறு பின்னேரம்.

அன்புள்ள மகன் நிறோஜனுக்கு,

அந்தோனியாரின் காவல் உன்னோடும் மருமகளோடும் இருக்கட்டும். போனில் கதைத்தால் தங்கச்சி கம்சாவின் காதில் விழும். அதனால்தான் கனடாவுக்கு வரும் வின்சனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். அப்பாவுக்கு மூச்சு முட்டு கொஞ்சம் குறைவு. கடலில்தான் மீன்பாடு இல்லை.

கம்சாவுக்கு மணமகன் தேடி நான் பேப்பரில் போட்ட முதல் விளம்பரத்தைப் பார்த்து நீ சிரித்தாய். ஷெல் பட்டு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை எண்டு முதல் வரியிலேயே போட்டால், மிச்சத்தை ஆர் அம்மா வாசிப்பான் என்று கேட்டாய். ஒருவரும் கூப்பிடாததும் உண்மைதான். விளம்பரம் எழுதுவது உன் தொழில். நானும் உன்னிடமே விட்டுவிட்டேன். அரசாங்க ஆசிரியை, அழகானவள், குணமானவள் என்று மாற்றி எழுதினாய். காலைப் பற்றி ஒரு சொல் இல்லை. பிள்ளையை நேரில் பார்த்தால் கால் பெரிதாகத் தெரியாது என்றாய்.

பிறகு போன் ஓயவில்லை. மன்னாரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. சீமெந்துத் தரையில் நடந்து கம்சா தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பெடியனுக்குப் பிடித்துவிட்டது, கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டு வருவோமா என்று கேட்டான். மணலில் செயற்கைக் கால் புதைந்தது. அவள் நின்று, பாவாடையைச் சற்று உயர்த்திக் காட்டினாளாம். அவன் திரும்பி வந்து தாயிடம் சொன்னான். தாய் பாதித் தேத்தண்ணியை வைத்துவிட்டு எழுந்தார். இவ்வளவு தூரம் வந்தாப் பிறகே இதைச் சொல்லுறியள், விளம்பரத்தில போட்டிருக்கலாமே என்று கேட்டார். போட்டிருந்தால் வந்திருப்பீர்களோ என்று கேட்க வாய் உன்னியது. அந்தப் பாதித் தேத்தண்ணியை எடுத்துப்போய்க் கொட்டினேன்.

மூன்றாவதைக் கம்சாவே எழுதினாள். ஒரு கால் இல்லை, ஆசிரியை, சம்மதமென்றால் மட்டும் கூப்பிடவும். அவ்வளவுதான். கீழே தன்னுடைய நம்பர்.

பேப்பரில் வந்து ஒரு மாதமாகிறது. ஒருவரும் கூப்பிடவில்லை. நல்ல விளம்பரம் அம்மா, வேண்டாத சனம் ஒண்டும் வரேல்லை என்று சிரிக்கிறாள். ஆனால் குசினிக்குச் சமைக்கப் போனாலும் போனைக் கையோடு கொண்டுபோகிறாள். கிணற்றடியில் மறந்து வைத்துவிட்டால், காலைக் கழற்றியிருந்தாலும் தத்தித் தத்திப் போய் எடுத்துப் பார்க்கிறாள்.

உன்மேல் எனக்குக் கோபமில்லை. விளம்பரத்தைத் திருத்தித் தாறன் என்று மட்டும் சொல்லாதே. எப்போதும் என் போனுக்குத்தானே எடுக்கிறாய். இனி அவளுடைய நம்பருக்கு எடு. அண்ணன்தான் என்று தெரிந்தாலும் பரவாயில்லை. அந்தப் போன் ஒரு தரமாவது அடிக்கட்டும்.

மாதா உங்கள் எல்லாரையும் கைவிடாதிருக்கட்டும்.

உன் அம்மா,
சூசையம்மா