நாலாம் மாடிப் பொத்தான்

மார்ச் 2

அன்புள்ள பூட்டுக்கு,

அக்கா எழுதுகிறேன். நலம் என்று எழுதத்தான் ஆசை. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? ஃபோனில் கேட்டால் "ம்" என்கிறாய். வலிக்கிறதா என்றாலும் "ம்", வலி விட்டதா என்றாலும் "ம்". அதனால்தான் இந்த வயதில் பேனாவைப் பிடித்திருக்கிறேன். கடிதத்தில் உன்னால் வெறும் "ம்" எழுதி அனுப்ப முடியாது பார்.

இத்துடன் ஒரு விமான டிக்கெட் இருக்கிறது. உன் பிறந்த நாளுக்கு என் பரிசு. போய் வாங்கியது என் பெண், அதாவது உன் மருமகள். யோசனை என்னுடையது. தேதி போடாத டிக்கெட். ஒரு வருஷத்துக்குள் என்றைக்கு வேண்டுமானாலும் கிளம்பலாம். விமான ஆபீசில் காட்டித் தேதி போட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது அந்தக் கதை. எனக்கு நுரையீரலில் கட்டி. அறுத்து எடுக்கக்கூடிய இடத்தில் இல்லையாம். எவ்வளவு காலம் என்று டாக்டரைக் கேட்டேன். சின்னப் பெண், பாவம், என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள். ஆஸ்பத்திரித் துணியறையில் வேலை பார்த்தே கிழவியானவள் நான். எந்த வார்டில் எப்போது அவசரமாகப் புது விரிப்புக் கேட்பார்கள், ஏன் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? நீ அழாதே. அழுதாலும் சரி, அழுது முடித்துவிட்டு டிக்கெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பு.

மருந்து ஏற்றும் நாட்களில் என் பக்கத்துக் கட்டிலில் ஒரு அம்மாள் படுத்திருப்பாள். பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவள். "உங்களுக்கு வந்ததிலேயே நல்ல பரிசு எது?" என்று கேட்டாள். வெந்நீர்ப் பை என்றேன். கல்யாணமாகி இங்கே வந்த முதல் குளிருக்கு உன் அத்தான் வாங்கி வந்தது. ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை, ஒழுகி மெத்தையெல்லாம் ஈரம். மனிதர் கடைக்காரனைத் திட்டித் தீர்த்தார். ஆனால் என் கால் சில்லிட்டுப் போவதை நான் வாய் திறந்து சொல்லவே இல்லை, அவராகவே கவனித்திருக்கிறார். யாருமே தெரியாத ஊரில் எனக்கு அது போதுமானதாக இருந்தது.

உனக்கு எது என்று எழுது. எழுத வேண்டாம், நேரில் வந்து சொல்.

உன் அன்பு அக்கா


மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. படித்துவிட்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மூன்றாம் மாடித் தையல்காரம்மா பார்த்துவிட்டு, "என்ன சார், வழியிலேயே உக்காந்துட்டீங்க?" என்றாள். முழங்கால் என்று சொல்லிவிட்டேன். நம் கட்டட லிஃப்ட் மறுபடியும் ஓடவில்லை. ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் பழுது பார்த்து ஓட வைத்தவன் படியேறிச் சாகிறான் என்று நீ சிரிப்பாய். சிரி.

டிக்கெட்டும் பத்திரமாக வந்து சேர்ந்தது. அதைப் பற்றிக் கவலையே வேண்டாம். பிளாஸ்டிக் உறையில் போட்டு, மடங்காமல் இருக்க இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து, பீரோவின் மேல் தட்டில் வைத்துவிட்டேன். நீ இதுவரை அனுப்பியதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்தபோது அனுப்பிய கைக்கடிகாரம், நீல ஸ்வெட்டர், டிரான்சிஸ்டர், எல்லாம் வந்த பெட்டியோடு இருக்கின்றன. ஒன்றில்கூட ஒரு கீறல் கிடையாது.

எது நல்ல பரிசு என்று கேட்டிருந்தாய். எனக்கு அந்தப் பழுப்பு ஷூதான். நான் ரிட்டயரான அன்று எல்லோரும் மைக்கைப் பிடித்து, இனி நன்றாக ஓய்வெடுங்கள் என்றார்கள். வீட்டுக்கு வந்தால் உன் பார்சல். உள்ளே ஷூ, அதற்குள் ஒரு துண்டுச் சீட்டு, "இனிமேலாவது ஊர் சுற்றுடா." நான் இன்னும் ஓரிடத்துக்குப் போகக்கூடியவன் என்று நினைத்தது நீ ஒருத்திதான். அந்தச் சீட்டு இன்னும் ஷூவுக்குள்ளேயே இருக்கிறது.

கட்டாயம் வருகிறேன். கடைத்தெருப் பெரிய கட்டடத்தில் பழைய லிஃப்டுக்குச் சோதனை வருகிறது. இப்போது இருக்கிற மெக்கானிக்குகளுக்கு அதன் குணம் தெரியாது, என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அது முடியட்டும். வெயிலும் கொஞ்சம் குறையட்டும்.

நான் பத்திரமாக இருக்கிறேன். நீயும் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடு. மருமகளைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி,
பூட்டு


ஏப்ரல் 19

தம்பி,

உன் கடிதத்தைப் படித்ததும் வந்த கோபத்தில் நேற்று எழுதவில்லை. இன்றைக்கும் அது போகவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

டிக்கெட்டை யாராவது அட்டைக்குள் வைப்பார்களா? நான் உனக்குக் காகிதமா அனுப்பினேன்?

அப்பா ஆரம்பித்த வினை இது. முதலாளி கொடுத்த பேனாவைக் கடைசி வரை மூடியைக்கூடத் திறக்காமல் வைத்திருந்தார். "நல்லதை எடுத்து வச்சுக்கணும், அனுபவிச்சுட்டா தீர்ந்து போயிடும்" என்பார். அம்மாவுக்கு மாமா கொடுத்த சிவப்புச் சால்வை ஞாபகம் இருக்கிறதா? ஒரு நல்ல நாள் வரட்டும், வரட்டும் என்றே மடித்து மடித்து வைத்தாள். அவள் அதைப் போர்த்திக்கொண்டது ஒரே ஒரு தடவை. அன்றைக்கு அவள் படுத்திருந்தாள், நாம் சுற்றி நின்றோம். உனக்கு அப்போதே பூட்டு என்று பேர் வைத்தாகிவிட்டது, அதனால் உன்னை யாரும் திருத்தவில்லை.

நானும் அப்படித்தான் இருந்தேன். என்னை மாற்றியது நீ கொடுத்த பரிசுதான், அதுதான் வேடிக்கை. நான் கல்யாணமாகிக் கிளம்பும்போது, ஏதோ ஒரு ஆபீசில் பிரித்துப் போட்ட லிஃப்டிலிருந்து 4 என்று எழுதிய பித்தளைப் பொத்தானைக் கழற்றி வந்து என் கையில் திணித்தாய். "நம்ம வீட்டுக்கு வரணும்னு தோணுச்சுன்னா இதை அழுத்து, நாலாம் மாடி வந்துரும்" என்றாய். உனக்கு அப்போது மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. நான் அதைப் பூட்டித்தான் வைத்தேன். உன் அத்தான் போன பிறகு ஒரு நாள், வேலைக்குப் போகிற அவசரத்தில் என் கோட்டில் ஒரு பொத்தான் அறுந்தது. இதன் பின்புறத் துளையில் நூல் கோத்து அந்த இடத்தில் தைத்துவிட்டேன். அன்றிலிருந்து அதில்தான் இருக்கிறது. 4 பாதி தேய்ந்துவிட்டது. பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் கட்டை விரலால் அழுத்துவேன். என்னைப் பார்க்கிறவர்கள் கிழவிக்கு ஏதோ பழக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

லிஃப்டுச் சோதனை, வெயில் என்றெல்லாம் என்னிடம் சொல்லாதே. எனக்கு இப்போது நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. உன்னை ஒரு தடவை பார்க்க வேண்டும். எனக்கு வேறு ஆசை எதுவும் இல்லை. வாடா.

அக்கா


ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நீ திட்டியது சரிதான். இவ்வளவு நாள் பதில் எழுதாததற்கும் சேர்த்துத் திட்டு.

போன வாரம் கிளம்பினேன். நிஜமாகவே கிளம்பினேன். டிக்கெட்டை அட்டையிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் வைத்தேன். உன்னைப் பார்க்க வரத் தேதி போடப் போகிறோம், உன் ஷூவைப் போட்டுக்கொள்ளலாம் என்று பெட்டியைப் பிரித்தேன். வாங்கின அன்று இருந்த மினுமினுப்பு அப்படியே இருந்தது. உள்ளே இருந்த உன் துண்டுச் சீட்டை எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டு, மாட்டிக்கொண்டு படியிறங்கினேன். சரியாகப் பொருந்தியது, அக்கா. என் அளவை எப்படி ஞாபகம் வைத்திருந்தாய்?

விமான ஆபீஸ் வாசலில் காவலுக்கு நிற்பவர், "சார், பின்னால பாருங்க, ஷூ உதிருது" என்றார். திரும்பிப் பார்த்தேன். தெரு நெடுகக் கறுப்புக் கறுப்பாக என் காலடி கிடந்தது. அடிப்பாகம் மொத்தமும் மக்கி, ரொட்டித் தூள் மாதிரி கொட்டிக்கொண்டே வந்திருக்கிறது. மேலே தோல் மட்டும் புதுசு. அவர் நல்ல மனிதர். "ரொம்ப நாள் போடாம வச்சா இப்படித்தான் சார் ஆகும். நடந்துட்டே இருந்தா இன்னும் உழைச்சிருக்கும்" என்றார். உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்கள் என் காலைப் பார்த்தார்கள். நான் உள்ளே போகவில்லை. ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வந்து பீரோவில் இருந்ததை எல்லாம் பிரித்தேன். டிரான்சிஸ்டரில் பாட்டரி ஒழுகிப் பச்சை பூத்திருக்கிறது. கடிகாரத்தின் வார் கையில் எடுத்ததும் ஒடிந்தது. ஸ்வெட்டரை விரித்தால் மறுபக்கம் தெரிகிறது, நான் போடாததைப் பூச்சி அரித்துத் தீர்த்திருக்கிறது. நீ அனுப்பியது ஒன்றும் மிச்சமில்லை. எல்லாவற்றையும் கட்டில் மேல் பரப்பி வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் செருப்பைப் போட்டுக்கொண்டு மறுபடி போயிருக்கலாம். நீ கேட்பாய் என்று தெரியும். போகவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா. நான் வந்து உன்னைப் பார்த்துவிட்டால், பார்த்தாகிவிட்டது என்று ஆகிவிடும். பிறகு திரும்பி வர வேண்டும். வராத வரைக்கும், நான் உன்னைப் பார்க்கப் போகிறவன். இதைவிட நன்றாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

டிக்கெட் பழையபடி அட்டைக்குள் இருக்கிறது. அதாவது பத்திரமாக இருக்கிறது.

உன் தம்பி


ஜூலை 6

என் கண்ணுத் தம்பிக்கு,

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நானே எழுதுகிறேன் என்று உன் மருமகளிடம் பேனாவைப் பிடுங்கினேன்.

ஷூ உதிர்ந்த கதையை அவள் படித்துக் காட்டினாள். சிரித்தேன். இருமல் வந்து நர்ஸ் ஓடி வருகிற அளவுக்குச் சிரித்தேன். பிறகு அழுதேன். தெருவில் வெறுங்காலோடு ஷூவைத் தூக்கிக்கொண்டு போகிறாய், நான் பக்கத்தில் இல்லை.

இந்தக் கடிதம் வரும்போது நான் இருப்பேனா என்று தெரியாது. அதனால் முக்கியமானதை முதலில் எழுதுகிறேன். உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. துளிகூட இல்லை. நீ வராமல் இருப்பது அன்பு இல்லாததால் இல்லை. அதை ரொம்ப வைத்துக்கொண்டு, என்ன செய்வது என்று தெரியாதவன் நீ. எனக்குத் தெரியாதா? நான்தானே உன்னைத் தூக்கி வளர்த்தேன்? நான் போன பிறகு இதை நினைத்து நினைத்து உன்னை நீயே தின்னாதே. அக்கா மன்னித்தாள் என்று சொல்ல மாட்டேன், மன்னிக்க ஒன்றும் இல்லை.

கோட்டை இனி நான் போடப் போவதில்லை. பொத்தானை அறுத்து இதற்குள் வைத்திருக்கிறேன். எனக்கு வந்ததிலேயே நல்ல பரிசு இதுதான். பஸ் ஓட்டின அம்மாளிடம் வெந்நீர்ப் பை என்று சொன்னது பொய். இவ்வளவு வருஷம் நான் அழுத்தினேன், ஒவ்வொரு தடவையும் நாலாம் மாடி வந்தது. இனி நீ வைத்துக்கொள்.

ஒன்றே ஒன்று. இதைப் பீரோவில் வைக்காதே. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அலை. தேயட்டும், கறுக்கட்டும். எங்காவது தொலைத்துவிட்டாலும் பரவாயில்லை. என் ராஜா இல்லையா, இந்த ஒன்றையாவது புழங்கு.

உன் அக்கா


ஜூலை 30

அன்புள்ள அக்காவுக்கு,

மருமகள் ஃபோனில் சொன்னாள். விடியற்காலையில் போனாயாம், தூக்கத்திலேயே போனாயாம். "அம்மா கடைசி வரைக்கும் உங்களத்தான் கேட்டாங்க மாமா" என்றாள். எனக்கு "ம்" என்பதைத் தவிர ஒன்றும் வரவில்லை. டிக்கெட் இன்னும் செல்லும், காரியத்துக்காவது வாருங்கள் என்றாள். அதற்கும் "ம்" என்றேன். போகவில்லை. யாரைப் பார்க்கப் போவது?

நீ போய் ஒரு வாரம் கழித்து உன் கடிதம் வந்தது. தபால்காரர் மாடியேறி வந்து கொடுத்தார், லிஃப்ட் ஓடவில்லை. கவர் மேல் விலாசம் உன் கையெழுத்துத்தான், ஆனால் வரி கீழே இறங்கி இறங்கிப் போயிருக்கிறது. கவரை வாங்கிக்கொண்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினேன்.

நான் அதைப் பிரிக்கவில்லை.

பிரிக்க வேண்டும் என்று மேஜையில் வைத்துக்கொண்டு தினமும் உட்கார்ந்தேன். என்னைத் திட்டி எழுதியிருப்பாய். கடைசி வரை வரவில்லையே, நீ ஒரு மனிதனா என்று கேட்டிருப்பாய். கேட்க வேண்டியதுதான், நான் என்ன பதில் சொல்வேன்? ஆனால் அதற்காக மட்டும் இல்லை. இதைப் பிரித்துப் படித்துவிட்டால், அதற்கு மேல் உன்னிடமிருந்து எனக்கு எதுவும் வராது. பிரிக்காத வரைக்கும் நீ என்னிடம் சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. வீட்டில் வேறு சத்தமே இல்லை, அக்கா. எனக்கு இந்த ஒன்றுதான் இருக்கிறது.

உள்ளே காகிதத்தோடு கெட்டியாக, வட்டமாக ஏதோ இருக்கிறது. என்னவென்று ஊகிக்க மாட்டேன். ஊகித்தால் பிரித்த மாதிரி ஆகிவிடும். கவரின் மேலேயே விரலை வைத்து ஒரு தடவை அழுத்திப் பார்த்தேன். பிறகு பிளாஸ்டிக் உறையில் போட்டு, டிக்கெட் இருக்கிற அட்டைக்குள்ளேயே வைத்துப் பீரோவைப் பூட்டினேன்.

கவலைப்படாதே. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

உன் தம்பி,
பூட்டு